முதலில் தொட்டி, பிறகு ஆமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவே ஓடித் தெற்கே மெக்ஸிகோ வளைகுடாவில் கலக்கும் மிஸிஸிப்பி நதியின் கிளைகளிலும், அந்நதி பெருகி வழிந்த காலங்களில் விட்டுச் சென்ற ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும், நீரில் பாதி அமிழ்ந்து கிடக்கும் மரக்கட்டைகளின்மீது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பின்கால்களை நீட்டி, விரல்களுக்கிடையே உள்ள ஜவ்வை விரித்து, கண்களை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் வெயில் காய்கின்ற ஒரு ஜாதி ஆமை உண்டு. கண்ணுக்குப் பின்னால், செவி இருக்கும் இடத்தில், குங்குமத்தைத் தொட்டு ஒரு தீற்றுத் தீற்றினாற்போன்ற சிவந்த பட்டை அதற்கு அடையாளம். சென்னை குளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ‘ரெட் இயர்’ என்று பெயர் சொல்லி விற்கப்படும் பச்சை நிறக் குஞ்சு இந்த ஜாதியைச் சேர்ந்தது. ஆகவே அந்தக் குஞ்சுக்காக ஒரு கண்ணாடித் தொட்டியை அமைக்கப் புகுகிறவர் உண்மையில் அமைக்க வேண்டியது அந்த நதிக்கரையின் ஒரு சிறு பகுதியை என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நீந்துவதற்கு ஆழமான தூய நீர், ஏறி முற்றும் உலர்வதற்கு ஓர் ஆசனம், அதன்மேல் நேராக விழும் சூரிய கிரணம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டினால் பிரயோஜனமில்லை.

முட்டையை விட்டு வெளிவரும்போது அதன் ஓட்டின் நீளம் மூன்று சென்டிமீட்டர் அளவுதான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எவருக்கும் மனம் இளகும். அந்த இளக்கத்தில்தான் வியாபாரம் நடக்கிறது. “இது இவ்வளவுதான் வளரும், இந்தக் கிண்ணமே போதும்” என்று கடையில் சொல்லப்படும் வார்த்தையை நம்பி வாங்குகிறவர்கள் இன்றும் அநேகர். நல்ல ஆகாரமும் வெயிலும் பெற்ற பெண் ஆமை சில ஆண்டுகளிலேயே இருபத்தைந்து சென்டிமீட்டரை எட்டிவிடும். சில முப்பது வரையும் போகும். ஆண் சற்றுச் சிறியது. ஆயுளோ இருபது, முப்பது ஆண்டுகள். பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கப்படும் குஞ்சு, அந்தக் குழந்தை படித்து முடித்து, வேலைக்குப் போய், விவாகமாகி, தன் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் காலத்திலும் உயிரோடு இருக்க வேண்டிய பிராணி. அது அப்படி இருப்பதில்லை என்றால், அதற்குக் காரணம் அதன் சுபாவத்தில் இல்லை. நாம் அதை வைத்த இடத்தில் இருக்கிறது.

இந்தத் துயரம் நம் ஊரில் தோன்றியதன்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் ஆமைக் குஞ்சுகளை லட்சக்கணக்கில் விற்றார்கள். அவற்றோடு, நடுவில் ஒரு சிறு தீவும் அதில் ஒரு பிளாஸ்டிக் பனைமரமும் வைத்த ஆழமற்ற கிண்ணம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கிண்ணத்தில் வைக்கப்பட்ட குஞ்சுகள் பெரும்பாலும் ஓராண்டைக் காணவில்லை. கிண்ணத்தில் ஊறிய நீரின் வழியாகவும் குஞ்சை எடுத்து விளையாடிய கைகளின் வழியாகவும் சால்மொனெல்லா என்னும் கிருமி வீடுகளுக்குள் புகுந்தது. 1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டில் ஆமைகளால் ஆண்டொன்றுக்குச் சுமார் 2,80,000 பேர், அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள், இந்நோய்க்கு ஆளாயினர் என்று கணக்கிட்டார்கள். 1975-இல், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை வளர்ப்புக்காக விற்கலாகாது என்று அந்நாட்டரசு தடைவிதித்தது. குழந்தைகள் வாயில் வைக்கத்தக்க அளவில் உள்ளவற்றை விலக்க வேண்டும் என்பதே அந்த அளவின் தாத்பரியம். ஏற்றுமதிக்குத் தடையில்லாததால் லூசியானா மாகாணத்துப் பண்ணைகள் தம் குஞ்சுகளை மற்ற நாடுகளுக்கு அனுப்பின. பின்னர் ஆசியாவிலேயே பண்ணைகள் தோன்றின. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து இந்தக் குஞ்சுகளைச் சுங்க அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் கைப்பற்றிய செய்திகளை நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். ஆகையால் புதிதாக வாங்க எண்ணுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, வாங்காதிருப்பதே உத்தமம் என்பதுதான். இந்தக் கட்டுரை முக்கியமாக, ஏற்கெனவே ஒரு குஞ்சு வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கும், முப்பது ஆண்டுப் பொறுப்பை அறிந்தே ஏற்கிறவர்களுக்கும் உரியது.

இங்கே சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நட்சத்திர ஆமை, ஏரிகளில் வாழும் பாலாமை முதலிய நம் நாட்டு ஆமைகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வீட்டில் ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்ற மூட நம்பிக்கையினால் நட்சத்திர ஆமையை வாங்கி, அது நீரில் வாழாத தரை ஆமை என்பதும் தெரியாமல் தொட்டியில் போட்டுக் கொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குத் தொட்டி அமைப்பது எப்படி என்ற கேள்விக்கே இடமில்லை.

இனி, தொட்டி. ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய பதினைந்து லிட்டர் நீர் வேண்டும் என்பது வளர்ப்போர் கையாளும் கணக்கு. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி, முழுதும் நிரப்பினால், ஐம்பத்தைந்து லிட்டருக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும். குஞ்சுக்கு அது சில மாதங்களுக்குப் போதும். வீட்டில் இடமிருந்தால் ஆரம்பத்திலேயே மூன்றடித் தொட்டியை வாங்கிவிடுவது சிக்கனம். குஞ்சு மூழ்கிப்போகும் என்று பயந்து விரற்கடை ஆழத்துக்கு நீர் விடுகிறவர்கள் உண்டு. அது வேண்டாத பயம். இந்த ஜாதி பிறந்த நாள் முதலே நீந்த வல்லது. அதற்கு ஆபத்து வருவது, ஆழம் ஓட்டின் அகலத்தைவிடக் குறைவாக இருந்து, தலைகீழாகப் புரண்டால் திரும்ப முடியாமற் போகும்போதுதான். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கி, நடுவே பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்க ஒரு கட்டையைச் சாய்த்து வைத்து, குஞ்சு தேறத் தேற நீரை உயர்த்தலாம். அடியில் பரப்பும் வண்ணக் கூழாங்கற்கள் வேண்டவே வேண்டாம். வாயில் கொள்ளும் அளவுள்ள எதையும் இது விழுங்கிவிடும், குடலில் அடைபட்ட கல் பிராணனை வாங்கும். வெறுங் கண்ணாடித் தரை பார்வைக்கு அழகில்லாவிட்டாலும் துப்புரவுக்கு அதுவே சிறந்தது.

தொட்டியில் மிகவும் சூட்சுமமான அம்சம் நீர்தான். ஆமை நீரிலேயே உண்டு, நீரிலேயே கழிக்கிறது; ஒத்த அளவுள்ள மீனைவிடப் பன்மடங்கு அசுத்தம் செய்கிறது. மலமும், தின்னாது விட்ட இரையும் அழுகும்போது அம்மோனியா தோன்றுகிறது. அது கண்ணையும் தோலையும் எரிக்கும் விஷம். இயற்கையான நீர்நிலையில் ஒருவகை நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. முன்னிரண்டும் சிறிதளவிலேயே தீங்கு செய்பவை, கடைசியாக வருவது மிகுந்தாலொழியத் தீங்கில்லாதது. புதிதாக வாங்கிய தொட்டியில், புதிதாகப் பொருத்திய ஃபில்டரில், இந்த நுண்ணுயிர்கள் இல்லை. அவை ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் பீங்கான் துண்டுகளிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். ஆகையினால்தான், தொட்டியையும் ஆமையையும் ஒரே நாளில் வாங்கி வரும் வழக்கம் இவ்வளவு கேடு விளைவிக்கிறது. பிராணி வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே தொட்டியை நிரப்பி, ஃபில்டரை இடைவிடாது ஓடவிட்டு, தினந்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிட வேண்டும். பழைய மீன்தொட்டி ஒன்றில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி இதில் போட்டால் காலம் பாதியாகக் குறையும். சோதனைக் குப்பியில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லையென்று காட்டி, நைட்ரேட் மாத்திரம் காணும் நாளில் அந்தத் தொட்டி குஞ்சை ஏற்கத் தகுதி பெறுகிறது. குஞ்சு முன்பே வந்துவிட்ட வீடுகளில், அந்த நாள் வரும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் நீரில் பாதியை மாற்றுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

ஃபில்டர், தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு உள்ள மீன்தொட்டிக்கென்று சொல்லப்பட்டதாக இருக்கட்டும். குஞ்சுப் பருவத்தில் நீரோட்டம் பலமாக இருந்தால் அது களைத்துப்போகும். ஆதலால் ஸ்பாஞ்ச் ஃபில்டரோ, வாயில் தடுப்பு வைத்த சிறு ஃபில்டரோ உசிதம். வளர்ந்தபின் கேனிஸ்டர் ஃபில்டர் இன்றித் தீராது. வாரந்தோறும் நீரில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை மாற்ற வேண்டும். குழாய்நீரை ஒருநாள் முழுதும் வாய் அகன்ற பாத்திரத்தில் வைத்திருந்தோ, கடையில் ‘ஆன்டி குளோரின்’ என்று கேட்டு வாங்கும் மருந்தைச் சொட்டுவிட்டோ குளோரினை நீக்கிவிட்டே ஊற்ற வேண்டும். சுத்தத்தில் ஆசை மிகுந்தவர்கள் ஸ்பாஞ்சை எடுத்துக் குழாயடியில் வைத்துத் தேய்த்து அலசி வெள்ளை வெளேரென்று ஆக்கிவிடுகிறார்கள். ஆறு வாரங்களில் குடியேறிய நுண்ணுயிர்கள் அத்தனையும் அந்த ஐந்து நிமிஷத்தில் மாண்டுபோகின்றன. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இரண்டு தரம் பிழிந்தால் போதும்.

குஞ்சுக்கு நீரின் உஷ்ணம் 26 முதல் 28 டிகிரி செல்ஷியஸ் இருக்கவேண்டும். சமவெளியிலுள்ள நம் ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அது தானாகவே அமைந்துவிடுகிறது. மார்கழி, தை மாத இரவுகளிலும், உதகை, கொடைக்கானல் முதலிய மலையூர்களிலுமே ஹீட்டர் அவசியம். நமக்கு உண்மையான இடையூறு சித்திரை, வைகாசி வெயில்தான். அறைக்குள் வைத்த தொட்டியே முப்பத்திரண்டைத் தாண்டும் அந்நாட்களில், நீர்ப்பரப்பின்மேல் படும்படி ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால் உஷ்ணம் இரண்டொரு டிகிரி தணியும்.

நீருக்கு அடுத்தபடி, என் கருத்தில் அதனினும் அதிகமாக அலட்சியம் செய்யப்படுவது வெயில். ஆமையின் முதுகெலும்பும் விலாவெலும்புகளும் ஓட்டோடு ஒன்றாக இணைந்தவை. ஆகவே ஓடு என்பது அது சுமந்து திரியும் வெறும் கவசமன்று, அதன் எலும்புக்கூட்டின் பாகமே ஆகும். வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். உண்ட சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். அந்த வைட்டமினை, தோலின்மீது படும் புற ஊதாக் கிரணங்களுள் 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான ‘யுவிபி’ என்ற பகுதியைக் கொண்டு இதன் உடல் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அந்த ரசாயன மாற்றம் பூர்த்தியாவதற்கு உடலில் சூடும் தேவை. வெயில் காயும்போது ஒளியும் வெப்பமும் ஒருங்கே கிடைப்பதன் அருமை இதுதான். சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடுமேயன்றி இந்த யுவிபி கிரணங்களை உள்ளே விடாது. “தொட்டி ஜன்னலோரம்தானே இருக்கிறது, வெயில் நன்றாகப் படுகிறதே” என்று திருப்தியோடு இருக்கும் வீடுகளில் குஞ்சுகளின் ஓடு மாதம் ஆக ஆக மிருதுவாகி, விரலால் அழுத்தினால் அமுங்கி, கால்கள் கோணி, கடைசியில் இரையைக் கடிக்கவும் வலுவற்றுப்போவதன் காரணம் இவ்வளவே.

ஆகையால் நீர்மட்டத்துக்கு மேல், ஏறுவதற்குச் சாய்தளம் உள்ள ஓர் உலர்ந்த மேடை இருக்க வேண்டும். வயிறு உட்பட ஆமை முழுதும் உலரும்படி அது இருப்பது முக்கியம். ஈரம் உலராத ஓட்டில் பூசணமும் அழுகலும் பற்றும். மேடையின்மேல் 32 முதல் 35 டிகிரி உஷ்ணம் வரும்படி ஒரு குமிழ் விளக்கையும், அதனருகே ஊர்வனவற்றுக்கென்று விற்கப்படும் யுவிபி குழல்விளக்கையும் பொருத்தி, பகலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டு இரவில் அணைத்துவிட வேண்டும். விளக்குக்கும் ஆமைக்கும் நடுவே கண்ணாடி மூடி கூடாது. குழல்விளக்கு பார்வைக்கு எரிந்துகொண்டேயிருந்தாலும் அதிலிருந்து வரும் யுவிபி நாளடைவில் குன்றிவிடும். ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை, தயாரித்தவர் குறித்திருக்கும் காலப்படி, மாற்றியே ஆகவேண்டும்.

சூரியன் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் நாம் விளக்கையே நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது உண்மை. வாரத்தில் சில நாட்கள் காலை வெயிலில் இருபது நிமிஷம் வைப்பதற்கு ஈடான விளக்கு எதுவுமில்லை. ஆனால் அதற்கும் முறை உண்டு. கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் வைத்தால் சொற்ப நேரத்தில் நீர் கொதிப்பேறிக் குஞ்சு மாண்டுவிடும். அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் கொஞ்சம் நீர் விட்டு, பாதிக்கு நிழல் இருக்கும்படி ஓர் அட்டையைச் சார்த்தி, மேலே கம்பிவலை மூடி வைத்து, பக்கத்திலேயே ஒருவர் இருக்கவேண்டும். மொட்டைமாடியில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்க இறங்கிப்போன இடைவேளையில் காகம் கொத்திக்கொண்டு போன குஞ்சுகள் எத்தனையோ.

ஆகாரத்தைக் குறித்து நம் வீடுகளில் நிலவும் ஒரு வழக்கத்தை நிறுத்தவேண்டும். காய்ந்த இறால் நிரம்பிய டப்பா ஒன்றைக் கடையில் கொடுக்கிறார்கள். குஞ்சும் அதை ஆவலோடு தின்கிறது. மாதக்கணக்கில் அதுவே உணவாகிவிடுகிறது. அதில் வைட்டமின் ஏ போதாது. இமைகள் வீங்கி, கண் மூடிக்கொண்டு, பார்வையின்றி இரை தேட முடியாமல் பட்டினி கிடக்கும் குஞ்சுகளைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி காண்பதன் முக்கியக் காரணங்களுள் அது ஒன்று. அசுத்தமான நீர் மற்றொன்று. நீராமைகளுக்கென்று தயாரித்த நல்ல உருண்டைத் தீனியே தினசரி ஆகாரமாக இருக்கட்டும். அதன் தலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு தீனி, குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு ஒருவேளை. ஓராண்டுக்குப் பின் ஒருநாள் விட்டு ஒருநாள். இடையிடையே மண்புழு தரலாம். இளமையில் மாமிசத்தை நாடும் இந்த ஜாதி வளர வளர இலைதழைகளுக்கு மாறும் சுபாவமுள்ளது. ஆதலால் முதலிலேயே தொட்டியில் கொஞ்சம் வேலம்பாசியை நன்றாகக் கழுவிப் போட்டுப் பழக்கலாம். பச்சைக் கோழியிறைச்சியிலும் ஈரலிலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு சொற்பம். அவற்றை நித்திய உணவாக்குவது எலும்புக்குக் கேடு. சாதம், ரொட்டி, பால் எதுவும் அதற்கு உரியதன்று. சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு மலிவான வழி நம்மிடமே இருக்கிறது: நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டை வாங்கி, பின்புறத்திலுள்ள கடினமான பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு, மிருதுவான துண்டை நீரில் மிதக்கவிட்டால் அது வேண்டும்போது கொறித்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாடுகளெல்லாம் கூடிவந்த தொட்டியில் குஞ்சைக் கவனிப்பது பெரிய ஆனந்தம். முதல் வாரத்தில் ஆளைக் கண்டதும் மேடையிலிருந்து தொப்பென்று நீரில் குதித்து ஒளிகிற அதே பிராணி, சில மாதங்களில் இரை போடுகிறவரின் உருவத்தை அடையாளம் கண்டு, கண்ணாடியருகே வந்து கால்களை அடித்துக்கொண்டு நிற்கும். நன்றாக இருக்கிற குஞ்சின் இலக்கணத்தைத் தினமும் பார்த்துப் பழகியவருக்கே நோயின் முதற்குறி புலப்படும். நீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பதும், வாயைத் திறந்து மூச்சு விடுவதும், மூக்கில் குமிழி வருவதும் நுரையீரல் நோயின் அடையாளங்கள். இரவும் பகலும் மேடையை விட்டு இறங்காதிருப்பதும் நல்லதன்று. இவற்றைக் கண்டால், பறவைகளையும் ஊர்வனவற்றையும் பார்க்கும் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

ஆரோக்கியமாகக் காணப்படும் ஆமையின் உடலிலும் சால்மொனெல்லா இருக்கக்கூடும். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் அலசாதிருப்பதும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவிடாதிருப்பதும் கண்டிப்பான நியமங்கள். குழந்தைகளிடம் ஒரு குஞ்சைக் கொடுத்து விளையாடச் சொல்வதைவிட, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மணையைப் போட்டு உட்கார்த்திப் பார்க்கச் சொல்வது இருவருக்கும் க்ஷேமம். ‘தனியாக இருந்தால் ஏங்கும்’ என்று இரண்டாவது ஒன்றை வாங்குவதும் தேவையற்றது. இது துணையை நாடும் பிராணியன்று; சிறிய தொட்டியில் இரண்டு இருந்தால் வலுத்தது மெலிந்ததன் வாலையும் காலையும் கடிக்கும், மேடையை ஒன்றே ஆக்கிரமித்துக்கொள்ளும்.

வளர்ந்துவிட்ட ஆமையைக் காண மனம் சலித்தவர்கள் செய்யும் காரியம், அதைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய் விட்டுவிடுவது. ஓர் உயிருக்கு விடுதலை தந்த புண்ணியம் என்று அதை நினைக்கிறார்கள். உலகத்தின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொகுத்த பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 1997-இல் இதன் இறக்குமதியை நிறுத்தின. ஜப்பான் 2023-இல் இதை விற்பதையும் வெளியில் விடுவதையும் சட்டத்தால் தடுத்தது. கேரளத்தில் திருச்சூரையடுத்த நீர்நிலையிலே இது காணப்பட்டதும், பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் இவற்றைச் சேகரித்து அடைத்து வைக்கும் முயற்சியில் இறங்கினார்கள். எதையும் தின்று, எந்த நீரிலும் பிழைத்து, வெயில் காயும் இடங்களைக் கைப்பற்றிக்கொண்டு, நம் காராமை போன்ற சாதுவான உயிர்களை ஒதுக்கிவிடும் வல்லமை இதற்கு உண்டு. வைத்துக்கொள்ள இயலாதவர், பெரிய தொட்டியோ சுவர் எழுப்பிய தோட்டக்குளமோ உள்ள வேறொரு வளர்ப்பவரைத் தேடிக் கொடுக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை தாமே பராமரிக்க வேண்டும்.

இறுதிவரை வைத்துக்கொள்பவர், நான்கைந்து ஆண்டுக்குள் நானூறு லிட்டர் கொள்ளும் தொட்டிக்கோ, தோட்டத்தில் சிமென்ட் குளத்துக்கோ ஏற்பாடு செய்யட்டும். குளத்தில் பாதிக்கு நிழல் வேண்டும். சுற்றிலும், ஏற முடியாதபடி வழவழப்பான சுவர் வேண்டும். முட்டை இருந்த மண்ணின் உஷ்ணம் 26 டிகிரியை ஒட்டியிருந்தால் ஆணும், 31 டிகிரியை ஒட்டியிருந்தால் பெண்ணும் பிறப்பது இந்த ஜாதியின் இயல்பு. குஞ்சாக வாங்கும்போது எது என்று சொல்ல முடியாது. வளர்ந்தபின் முன்கால் நகங்கள் நீண்டு, வாலும் பருத்து நீண்டிருந்தால் ஆண். பெண்ணானால், ஆணையே கண்டிராவிட்டாலும், பருவம் வந்தபின் முட்டையிடும். அக்காலத்தில் அது இரையை மறுத்து, தொட்டியின் மூலைகளில் பின்கால்களால் பறித்துப் பறித்து அலையும். மணலும் மண்ணும் கலந்து, பிடித்தால் பிடிபடும் ஈரத்தோடு, ஒரு சாண் ஆழத்துக்கு நிரப்பிய பெட்டி ஒன்றில் அதை விட்டுவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் கிடைக்காத ஆமை முட்டைகளை உள்ளேயே அடக்கிக்கொண்டு நோயுற்று இறப்பதுண்டு. ஆதலால் இரண்டொரு நாளில் இடாவிட்டால் மருத்துவரிடம் காட்டி, படம் எடுத்துப் பார்த்துவிடுவது அவசியம்.